கவனிக்காத காது

1970களில் 'கவனம்' பற்றிய ஆய்வுகளில் எல்லோருக்கும் பிடித்த வேலை இது. ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒரு காதுக்கு வரும் ஒலியை மட்டும் கவனி, மறுகாதை மறந்துவிடு என்பார்கள். கவனித்த காதின் ஒலிக்கு மூளையின் மின்அலை பெரிதாக எழுகிறது என்று 1973இல் ஸ்டீவன் ஹில்யார்டின் குழு காட்டியது.

பின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நேட்டனெனும் அவரது சகாக்கள் இருவரும் 1978இல் வெளியிட்ட கட்டுரையும் இந்த விவாதத்தில்தான் பிறந்தது. ஒரே மாதிரி 'பீப்' ஒலிகள் வந்துகொண்டே இருக்கும். அபூர்வமாக ஒன்றில் மட்டும் சுருதியோ சத்தமோ கொஞ்சம் மாறும். ஒரு ஒலிக்கு மூளை தரும் பதில் சில மைக்ரோவோல்ட்தான், இரைச்சலில் அமுங்கிப்போகும். அதனால் திரும்பத் திரும்பப் பதிவுசெய்து சராசரி எடுத்தார்கள். பிறகு, மாறிய ஒலிக்கான அலையிலிருந்து வழக்கமான ஒலிக்கான அலையைக் கழித்தார்கள். (நாங்கள் பழைய நிரலையும் புதிய நிரலையும் 'டிஃப்' போட்டுப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.) மிஞ்சியது சின்னதாக ஒரு எதிர்மின் அலை. மறக்கச் சொன்ன காதிலும் அது இருந்தது! அதற்கு 'மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி' என்று பெயர் வைத்தார்கள்.

மூளை முந்தைய ஒலிகளின் தடயத்தை வைத்துக்கொண்டு புதியதை அதோடு ஒப்பிடுகிறது, நம்மிடம் கேட்காமலே ஒப்பிடுகிறது என்றார் நேட்டனென். இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதுவும் லேசுப்பட்டதல்ல. ஒரே ஒலியைக் கேட்டுக் கேட்டுச் சில நரம்பணுக்கள் சோர்ந்துவிடுகின்றன, புதிய ஒலி சோராத அணுக்களைத் தொடுகிறது, அவ்வளவுதான். இதில் நினைவு எங்கே வந்தது? நேட்டனென் குழு 1989இல் செய்த சோதனை எனக்கு அதனால்தான் பிடிக்கும். இம்முறை மாறிய ஒலியின் சத்தத்தைக் குறைத்தார்கள். சத்தம் குறைந்தால் பதிலும் சிறுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த அலை வந்தது. சத்தம் குறையக் குறையப் பெரிதாகவும் வந்தது. சோர்வுக் கட்சி இன்றும் முழுசாக ஓயவில்லை என்பது வேறு கதை.

கவனமே தேவையில்லை என்றால் நினைவிழந்தவர்களிடம்கூட இதைத் தேடலாமே. பிரான்சில் கேத்தரின் ஃபிஷர் குழு கோமா நோயாளிகளிடம் தேடி 1999இல் முடிவுகளை வெளியிட்டது. அலை தெரிந்தவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் பின்னர் கண்விழித்தார்கள். அலை தெரியாதவர்களிலும் நிறையப் பேர் விழித்தார்கள். ஆகவே ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பத்திடம், அலை இருந்தால் மருத்துவர் அதைச் சொல்லலாம். இல்லையென்றால், இந்தச் சோதனையை வைத்து அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.