தரம் எழுதியவர்கள்

சோமனூர்ப் பக்கத்துப் புன்செய் நிலம் ஒன்றின் ‘அ’ பதிவேட்டு நகலை வாங்கிப் பார்ப்போர் பெரும்பாலும் புல எண்ணையும் பரப்பையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவர். அதே தாளில் ‘மண் வயனமும் ரகமும்’ என்றொரு கட்டமும், அருகில் ‘மண் தரம்’ என்றொரு கட்டமும், பிறகு ‘தீர்வை’யும் இருக்கும். தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் ‘தரம்’ புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் தரமிட்ட நிலமும் உண்டு, தரமிடாத ‘தரமிலி’யும் உண்டு. இராசராசன் காலத்தில் 1001ஆம் ஆண்டையொட்டி நடந்த பெரும் அளவையும், முதற்குலோத்துங்கன் 1086இல் நடத்திய அளவையும் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் எழுதி முடிந்தவை அல்ல. அந்த மண் எவ்வளவு விளையும், அதிலிருந்து எவ்வளவு வாங்கலாம் என்பதையும் யாரோ ஒருவர் வரப்பில் நின்று முடிவு செய்திருக்கிறார்.

அந்த ‘யாரோ ஒருவர்’ இன்று மதிப்பீட்டாளர் எனப்படுகிறார். எங்கள் ஊர்ப் பக்கம் கட்டடப் பொறியியல் படித்த பிள்ளைகள் சிலர் இத்தொழிலில் இறங்க விரும்புகின்றனர். வழி எழுத்தில் தெளிவாகவே உள்ளது. 1957ஆம் ஆண்டுச் செல்வ வரிச் சட்டத்தில் 1972இல் ‘பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்’ என்ற பிரிவு சேர்ந்தது. அந்த வரியே 2015இல் நீக்கப்பட்ட பின்பும் அதன் பெயரில் தொழில் தொடர்ந்தது. நிறுமச் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த விதிகள் தனித் தேர்வை ஏற்படுத்தின. 50 மணிநேரப் பாடம், கணினியில் தேர்வு, 100க்கு 60 மதிப்பெண், அதற்குமுன் சில ஆண்டுப் பணி அனுபவம். தேர்வைப் பற்றி நமக்குக் குறையில்லை. ஆனால் இந்தத் தொழில் நம் மண்ணில் எப்படித் தொடங்கியது என்பதை அந்தப் பாடத்துக்கு வெளியேதான் தேட வேண்டியுள்ளது.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு வந்தன. வரி தண்டக் குடிமை அதிகாரிகளை அனுப்பாமல், காரன்வாலிஸ் படை அதிகாரிகளையே அனுப்பினார். சென்னையின் குடிமை அதிகாரிகளுள் உள்ளூர் மொழி அறிந்தவர் அரிது என்பது அவர் சொன்ன காரணம். காப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைவர். மக்லியாட், கிரகாம், தாமஸ் மன்றோ மூவரும் உதவியாளர்கள். நால்வருள் ஒருவருக்கும் நிலத்தை மதிப்பிடும் பயிற்சி கிடையாது. மன்றோவுக்கு அப்போது வயது 30. 1780இல் படைப் பயிலுநராக வந்து இறங்கியவர். 1793இல் தொடங்கிய அளவையில் அவர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் ஊர் ஊராகச் சென்று, கணக்கப்பிள்ளையிடமும் குடியானவனிடமும் கேட்டறிந்ததே. தொழிலின் முதல் பாடம் மொழி என்று காரன்வாலிஸ் தம்மை அறியாமலே சொல்லிவிட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு தமிழாசிரியர் இதைச் சொல்வதில் சற்றுத் தன்னலமும் இருக்கலாம், பொறுத்தருள்க.

அடுத்து 1800இல் மன்றோ கடப்பை, பல்லாரி முதலிய மாவட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். அங்கே அளவைக்கு 33 அடிச் சங்கிலி. அந்த நீளத்தைப் பக்கமாகக் கொண்ட 40 சதுரங்கள் சேர்ந்தால் ஓர் ஏக்கர். சங்கிலி பிடிப்பவர் வேறு, தரம் எழுதுபவர் வேறு. அளவையில் நேரும் பிழையை மறு அளவையில் பிடித்துவிடலாம். தரத்தில் நேரும் பிழை தலைமுறைகளுக்கு நிற்கும். வேலை முடிந்தபின், 1807 ஆகஸ்டில், மன்றோ மேலிடத்துக்கு எழுதிய பரிந்துரைதான் நம் கட்டுரைக்கு உயிர்நாடி. எல்லா நிலத்துக்கும் தீர்வையில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும். குடியானவன் தன் செலவில் பழுது பார்த்துவரும் கிணற்றால் பாயும் நிலத்துக்கு மேலும் 8, ஆக 33 குறைக்க வேண்டும் என்றார். தாமே மேற்பார்வையிட்டுக் கணித்த மதிப்பைத் தாமே மிகை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அரசு அப்போது அதை ஏற்கவில்லை. குத்தகை முறைக்குப் போய்விட்டு, பின்னர்தான் இரயத்துவாரிக்குத் திரும்பியது.

கிணறு என்றால் கொங்குநாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. மழையை நம்பினால் ‘காடு’, கிணறு இருந்தால் ‘தோட்டம்’. மண் ஒன்றே, நடுவில் நிற்பது ஒரு குடும்பம் பாறையை உடைத்த உழைப்பு. அந்த உழைப்பைச் சேர்த்துத் தரம் எழுதினால், கிணறு வெட்டியவன் தன் வியர்வைக்கே வரி கட்டுகிறான் என்றாகும். கோவை மாவட்டத்தில் தோட்டத்துக்கு நெடுங்காலம் மேல்வரி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்காகத் தீர்வையைக் கூட்டுவதில்லை என்ற நிலை உறுதிப்பட்டது. இதே மாவட்டத்தில் மதிப்பைக் கையில் வைத்திருந்தோர் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. கருவூலப் பொறுப்பில் இருந்த காசிச் செட்டியின் மோசடிகளை விசாரிக்க 1816இல் அமர்ந்த குழுவில் இருந்தவர்கள் மன்றோவும், கோவை கலெக்டராகிய சல்லிவனும்.

வரிக்காக எழுதிய மதிப்பு கடனுக்காகவும் எழுதப்பட வேண்டும் என்ற எண்ணம் பிற்பாடு வந்தது. 1887இல் கோவை மாவட்டக் கையேட்டை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன்தான் 1890களில் நில வங்கிகளைப் பற்றிய அறிக்கையையும் எழுதினார். சென்னை மத்திய நில அடமான வங்கி 1929இல் தோன்றியது. பத்து ஆண்டு கழித்து, 1939இல், விசாகப்பட்டினத்து வழக்கொன்றில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. துறைமுகத்துக்கு அருகே கையகப்படுத்தப்பட்ட வைரிசெர்ல நாராயண கஜபதிராஜுவின் நிலத்தில் ஓர் ஊற்று இருந்தது. அந்த நீரை வாங்கக்கூடியவர் துறைமுகத்தாரைத் தவிர வேறு எவரும் இல்லை. வாங்குபவர் ஒருவரே ஆனாலும், அவரே கையகப்படுத்துபவர் ஆனாலும், நிலத்துள் மறைந்திருக்கும் பயனுக்கு மதிப்பு உண்டு என்றது தீர்ப்பு. மதிப்பீட்டாளர்கள் உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டும் இவ்வழக்கு அன்றைய சென்னை மாகாணத்து வழக்கு என்பதில் நமக்கொரு பெருமிதம்.

இனிச் சோமனூர். இங்கே கிணற்றின் இடத்தில் தறி நிற்கிறது. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். கான்கிரீட்டில் பதித்த விசைத்தறிகள். விசைத்தறிக்கென்றே பெற்ற மின் இணைப்பு. 2023 முதல் இரு மாதத்துக்கு 1000 அலகு கட்டணமின்றிக் கிடைப்பதால் அந்த இணைப்புக்கே ஒரு விலை உண்டு. கூலி நெசவு செய்பவர் கடனுக்கு மனுச் செய்தால், வங்கி தன் பட்டியலிலுள்ள மதிப்பீட்டாளரை அனுப்பும். 2017 விதிகளில் நிலமும் கட்டடமும் ஒரு வகை, இயந்திரம் வேறு வகை. இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு. ஒருவர் சுவரை அளப்பார். தறிகள் அவர் கணக்கில் வாரா. தறியை மதிப்பவருக்கோ அது பழைய இரும்பு. கூலிப் பிரச்சினையில் தறிகள் நின்ற ஆண்டுகளில் இரும்பு விலைக்கே அவை உடைத்து விற்கப்பட்டதும் உண்மை. ஓடும்போது குடும்பத்தைக் காக்கும் பொருளுக்கும், நிற்கும்போது கிலோக் கணக்கில் போகும் பொருளுக்கும் இடையில் எந்த எண்ணை எழுதுவது?

பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு இதற்கு விடை தராது. 2017 சூனில் தமிழகமெங்கும் அது ஒரே நாளில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. 2023இல் பழைய அளவுக்கே ஏற்றப்பட்டது. அந்த இரு நாள்களிலும் சோமனூரில் எந்தக் காட்டின் விலையும் இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. 33 என்ற எண் மன்றோவின் எண்ணோடு ஒத்துப்போவது தற்செயல். ஆனால் இரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. மன்றோ கிணற்றைப் பிரித்தறிந்து குறைத்தார். இது வீட்டுமனை, வயல், தறிக்குடோன் என்று பாராமல் குறைத்தது.

இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலில் மூத்த மதிப்பீட்டாளர் ஒருவருக்கு நாடா பிடித்துக்கொடுப்பார். பிறகு பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒப்பிடப் பழகுவார். அதன்பிறகு ஒருநாள் தனியாகக் குடோனுக்குள் நுழைவார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சுக் காதில் விழாது. எத்தனை தறி ஓடுகிறது, பாவு யாருடையது, மீட்டருக்கு என்ன கூலி என்று கேட்க, அவற்றை நிறுத்தும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அறிக்கைப் படிவத்தில் இக்கேள்விகளுக்குக் கட்டம் கிடையாது.