மூத்த போர்க்கப்பல்களும் ஆட்டப் பலகையும்

போர்க்கப்பல் ஒன்று முதுமையடைவது அதன் இரும்பு துருப்பிடிக்கும் நாளிலன்று. அதனினும் வலிய கப்பலொன்று வேறொரு துறைமுகத்தில் நீரில் இறக்கப்படும் நாளிலேயாம். 1906ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை ‘டிறெட்நோட்’ என்னும் பெரும்போர்க்கப்பலைச் சேவையிற் சேர்த்தது. அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளின் முன்னர்க் கட்டப்பட்ட கப்பல்களும் அன்றே பழையனவாயின. அவற்றின் பீரங்கிகள் முன்போலவே சுட்டன. இயந்திரங்கள் முன்போலவே இயங்கின. ஆயினும் அவை வேறொரு வகையினவாகிவிட்டன. இவ்வாறு மூத்த கப்பலொன்றைப் புதிய பெயரின்கீழோ புதிய தரத்தின்கீழோ வைத்தலையே இக்கட்டுரை வகைமாற்றம் எனக் குறிக்கின்றது.

வகைமாற்றம் இரண்டு இடங்களில் நிகழ்வது. ஒன்று, கடற்படைத் தலைமையகத்தின் பதிவேடு. மற்றையது, போர்முறையைப் பயிலுதற்கென அமைந்த ஆட்டப் பலகை. இவ்விரண்டும் ஒரே கப்பலை ஒரே அளவுகோலால் மதிப்பதில்லை. எது உண்மைக்கு அண்மையில் நின்றது என்பதும், இரண்டுக்குமிடையிலான வேறுபாட்டுக்கு யார் விலை கொடுத்தனர் என்பதும் ஆராயத்தக்கன. அவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாக அமைவது 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இலங்கையைச் சூழ்ந்த கடலில் நிகழ்ந்தவையாகும். கடலினின்று நெடுந்தொலைவிலும் உயரத்திலும் இருக்கும் ஹட்டன் பகுதியினர்க்கு இதனோடு யாது தொடர்பு என வினவலாம். 1884இல் ஹட்டனை எட்டிய புகையிரதப் பாதை, மலையகத்துத் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு சென்றது. அத்துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்குக் காவல் எது என்பது நம் மலைகளின் வாழ்வோடும் பிணைந்த வினாவாகவே இருந்தது.

முதலில் ஆட்டப் பலகையை நோக்குவோம். பிரெட் ரீ. ஜேன் என்னும் ஆங்கிலேயர் 1898இல் கடற்போர் ஆட்டமொன்றை வெளியிட்டார். இன்றும் உலகக் கடற்படைகள் கையாளும் ‘ஜேன்’ கப்பற்களஞ்சியம் அதே ஆண்டில் அவ்வாட்டத்தின் துணைநூல் போன்றே தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி. அவ்வாட்டத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் அதன் அமைப்பு வரையப்பட்ட அட்டையொன்று உண்டு. பீரங்கிகளும் கவசமும் வலிமைக்கேற்ப எழுத்துக்களாற் தரப்படுத்தப்பட்டன. எதிரியின் அட்டையில் ஊசி பொருத்திய கோலொன்றால் அடித்து, குண்டு விழுந்த இடம் தீர்மானிக்கப்பட்டது. அடிபட்ட இடத்தின் கவசம் எத்தரத்தது என்பதே அங்கு வினா. கப்பலின் பெயரும் பழம்புகழும் கணக்கிற் சேரா.

அமெரிக்காவின் நியூபோட் நகரிலுள்ள கடற்போர்க் கல்லூரி 1880களின் பிற்பகுதி தொட்டே இத்தகைய ஆட்டங்களைப் பாடமாகக் கற்பித்தது. இரு உலகப் போர்களுக்கிடையில் அங்கு ஒவ்வொரு கப்பலின் ஆயுளும் எத்தனை 14 அங்குலக் குண்டுகளைத் தாங்கவல்லது என்னும் எண்ணால் அளக்கப்பட்டது. குண்டுகள் விழ விழ அதன் வேகமும் சுடுதிறனும் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. பின்னர் அமெரிக்க எழுத்தாளர் பிளெச்சர் பிராற் அமைத்த ஆட்டமோ, பீரங்கியின் விட்டம், கவசத்தின் தடிப்பு, வேகம், எடை ஆகியவற்றை ஒரு சூத்திரத்திலிட்டுக் கப்பலுக்குரிய புள்ளிகளைக் கணித்தது. 1977இல் வெளிவந்த பசிபிக் போர் பற்றிய பலகை ஆட்டமொன்றில், சுடுவலு, கவசம், வேகம் என்னும் மூன்று எண்களே பெரும்போர்க்கப்பலொன்றின் முழு வரலாறாகச் சுருங்கின. இன்றைய கணினி ஆட்டங்களும் கப்பல்களைப் படிநிலைகளாக அடுக்குகின்றன. முறைகள் வேறுபடினும் அடிப்படை ஒன்றே: கப்பல் இன்று என்ன செய்யவல்லதோ அதுவே அதன் வகை.

பதிவேட்டின் வழி இதனினும் சிக்கலானது. 1920இல் அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்கள் யாவற்றுக்கும் எழுத்தும் எண்ணுமான குறியீட்டு முறையை வகுத்தது. அதன் பயனாகக் கப்பலைத் தொடாமலே அதன் வகையை மாற்றுதல் எளிதாயிற்று. ‘யூட்டா’ என்னும் பெரும்போர்க்கப்பல் 1931இல் பயிற்சிச் சூட்டுக்கான இலக்குக் கப்பலாக மாற்றப்பட்டது. ஆயின் 1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய யப்பானிய விமானிகள் பதிவேட்டைப் படித்துவிட்டு வரவில்லை. அவர்கள் வீசிய நீர்மூழ்கிக் குண்டுகளால் அக்கப்பல் கவிழ்ந்தது. 58 பேர் மாண்டனர். தாழ்ந்த வகைக்கு மாற்றப்பட்ட கப்பலுக்கு நேர்ந்த கதி இது. மாற்றப்பட வேண்டிய காலத்தில் மாற்றப்படாத கப்பல்களின் நிலையை இனிக் காண்போம்.

பிரித்தானியாவின் ‘ரிவெஞ்ச்’ வகைப் பெரும்போர்க்கப்பல்கள் ஐந்து 1916, 1917ஆம் ஆண்டுகளில் நிறைவுற்றன. 1922இல் வாசிங்டனில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கை, இத்தகைய கப்பல் நிறைவுற்று இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுவாக அதற்கு மாற்றுக் கட்டலாம் என விதித்தது. 1930இன் இலண்டன் உடன்படிக்கை புதுக் கட்டுமானத் தடையை 1936 வரை நீட்டியது. எனவே முதுமை என்பது உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்ட சட்டப் பொருளாயிற்று. இவற்றினும் சற்று முந்திய ‘வோர்ஸ்பைற்’ 1930களில் ஏறத்தாழப் புதிதாகவே திருத்தியமைக்கப்பட்டது. ‘ரிவெஞ்ச்’ வகைக்கு அப்பேறு கிட்டவில்லை. ‘றோயல் ஓக்’ 1939 ஒக்டோபரில் மூழ்கடிக்கப்பட, ‘ரிவெஞ்ச்’, ‘ரெசொலூசன்’, ‘றமிலிஸ்’, ‘றோயல் சொவறின்’ ஆகிய நான்கு எஞ்சின. ஒவ்வொன்றும் எட்டு 15 அங்குலப் பீரங்கிகளைத் தாங்கியது. வேகமோ மணிக்கு 21 கடல்மைல் அளவே. பதிவேட்டில் அவை பெரும்போர்க்கப்பல்களாகவே நீடித்தன.

1942 மார்ச்சு மாத இறுதியில் அட்மிரல் சேர் ஜேம்ஸ் சமவில் கொழும்பில் கீழைக் கடற்படையின் தலைமையை ஏற்றார். எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர்க்கு அப்படை வலியதாகத் தோன்றும். ஐந்து பெரும்போர்க்கப்பல்களும் மூன்று விமானந்தாங்கிகளும் அதில் இருந்தன. பதிவேட்டின் தோற்றத்தைச் சமவில் ஏற்கவில்லை. படையை அவர் இரண்டாகப் பிரித்தார். ‘வோர்ஸ்பைற்’றும் ‘இன்டொமிற்றபிள்’, ‘போமிடபிள்’ என்னும் விமானந்தாங்கிகளும் முதற் பிரிவாயின. நான்கு மூத்த கப்பல்களும் ‘ஹேர்மிஸ்’ என்னும் சிறிய விமானந்தாங்கியும் இரண்டாம் பிரிவாயின. ஆட்டப் பலகையில் எண்களைக் கொண்டு செய்யும் தரப்பிரிப்பை அவர் கடலிலேயே செய்தார் எனலாம்.

ஏப்பிரல் 4ஆம் நாள் கனேடிய விமானி லெனாட் பேச்சல் இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1918இல் நீரில் இறக்கப்பட்ட ‘ரெனடொஸ்’ என்னும் நாசகாரி துறைமுகத்திலேயே அழிந்தது. பயணிகள் கப்பலாகப் பிறந்து, பீரங்கி பொருத்திப் போர்க்கப்பல் வகையிற் சேர்க்கப்பட்டிருந்த ‘ஹெக்டர்’ உம் அங்கேயே மூழ்கியது. அன்றே நடுக்கடலில் ‘டோர்செற்சயர்’, ‘கோண்வோல்’ என்னும் இரு குரூசர்கள் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் உயிர்நீத்தனர். இவையிரண்டும் அத்துணைப் பழமையானவையல்ல என்பதையும் ஈண்டு குறிப்பிடல் வேண்டும். வான்காவலின்மை புதியதையும் பழையதையும் வேறுபாடின்றி விழுங்கியது.

9ஆம் நாள் திருகோணமலையின் முறை வந்தது. 1916ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘எறிபஸ்’ என்னும் கரைத்தாக்குக் கப்பல் அங்கு சேதமுற்றது. ‘ஹேர்மிஸ்’ உம் 1917இல் கட்டப்பட்ட ‘வம்பயர்’ என்னும் அவுஸ்திரேலிய நாசகாரியும் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கின. ‘ஹேர்மிஸ்’ இன் முடிவு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாகத் திட்டமிடப்பட்ட முதற் கப்பல் என்னும் பெருமை அதற்குண்டு; 1924இல் சேவைக்கு வந்தது. ஆயின் மூழ்கிய நாளில் அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. விமானமில்லாத விமானந்தாங்கி என்பது பெயர் மட்டுமேயான வகை. அப்பெயரைச் சுமந்து 307 பேர் மாண்டனர்.

நான்கு மூத்த பெரும்போர்க்கப்பல்கள் தப்பின. பகலில் எதிரியை நெருங்காது விலகி நின்ற சமவில், தாக்குதலின் பின் அவற்றை ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள கிளின்டினித் துறைமுகத்திற்கு அனுப்பி, வணிகக் கப்பல்களுக்குக் காவலாக அமர்த்தினார். இலங்கையைக் கைவிட்டு ஓடிய செயலாக இதனைக் கருதுவோர் உளர். அக்கருத்து முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. கொழும்பும் திருகோணமலையும் அந்நாட்களிற் பெருங் கப்பற்காவலின்றி நின்றமை உண்மையே. எனினும் மணிக்கு 21 கடல்மைல் செல்லும் கப்பல்கள், 30 கடல்மைல் அளவில் விரையும் விமானந்தாங்கிகளை விரட்டிப் பிடித்தல் இயலாது. அவற்றிடமிருந்து தப்பியோடுதலும் இயலாது. அவற்றைப் போர்வரிசையில் நிறுத்தியிருப்பின் பல்லாயிரம் மாலுமிகள் நம் தென்கடலில் மாண்டிருப்பர் என ஊகித்தல் மிகையாகாது.

எதிர்த்தரப்பின் ஆட்டப் பலகையையும் ஒப்பநோக்குதல் பயன்தரும். இலங்கைத் தாக்குதலிற் பெருவெற்றி கண்ட யப்பானியத் தலைமை, அடுத்த மிட்வேத் தாக்குதலுக்கென ‘யமாற்றோ’ கப்பலில் போர் ஆட்டமொன்றை நடத்தியது. அமெரிக்க விமானங்கள் ஒன்பது குண்டுகளை இலக்கில் வீழ்த்தினவென ஆட்டத்திற் கணிக்கப்பட்டபோது, நடுவராயிருந்த அட்மிரல் உகாக்கி அதனை மூன்றாகக் குறைத்தார். மூழ்கியதாகக் கருதப்பட்ட ‘ககா’ என்னும் விமானந்தாங்கி பின்னர் மீண்டும் ஆட்டத்திற் சேர்க்கப்பட்டது. யூன் 4ஆம் நாள் உண்மையிலேயே ‘ககா’ மூழ்கிற்று. அதனை எந்த நடுவராலும் மீட்க இயலவில்லை. ஆட்டத்தின் பயன் அதன் விதிகளின் நேர்மையிலேயே தங்கியுள்ளது. விரும்பிய விடைக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் பலகை, பதிவேட்டினும் தீயது.

இனி, வகைமாற்றம் என்பது எப்போதும் இழிவன்று என்பதற்கும் இதே கப்பல்கள் சான்று. 1941 பெப்ரவரியில் அத்திலாந்திக் கடலில் வணிகக் கப்பற்கூட்டமொன்றுக்கு ‘றமிலிஸ்’ காவலாகச் சென்றது. ‘சார்ண்கோர்ஸ்ற்’, ‘நைசனோ’ என்னும் விரைவு மிக்க இரு செர்மனியக் கப்பல்கள் அக்கூட்டத்தை அணுகின. மூத்த கப்பலின் 15 அங்குலப் பீரங்கிகளைக் கண்டதும் அவை தாக்காது திரும்பின. ஒரு குண்டும் சுடப்படவில்லை, கூட்டம் காக்கப்பட்டது. 1944 யூன் 6ஆம் நாள் நோர்மண்டிக் கரையை நோக்கிச் சுட்டதும் இதே ‘றமிலிஸ்’ தான். ‘றோயல் சொவறின்’ 1944இல் சோவியத் கடற்படைக்கு இரவலாக வழங்கப்பட்டது. ‘ரிவெஞ்ச்’ உம் ‘ரெசொலூசன்’ உம் ஈற்றில் இயந்திரப் பணியாளரைப் பயிற்றும் கூடங்களாயின. போர்வரிசையிற் பாரமாயிருந்தவை தமக்கேற்ற பணியிற் பயன் தந்தன.

நம் நாட்டுக் கடற்படையின் வரலாறும் இவ்வகைமாற்றத்தின் வரலாறே. 1950 டிசம்பரில் அமைந்த றோயல் இலங்கைக் கடற்படையின் முதற் கப்பலான ‘விஜய’, பிரித்தானியாவிற் கண்ணிவாரிக் கப்பலாயிருந்தது. இங்கு அதுவே தலைமைக் கப்பலாக உயர்ந்தது. அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் 1968இற் சேர்ந்த ‘சேர்மன்’ என்னும் கப்பல், ஐம்பது ஆண்டுகள் உழைத்த பின்னர் இலங்கைக்கு வழங்கப்பட்டு, 2019இல் ‘கஜபாகு’ என்னும் பெயருடன் ஆழ்கடற் சுற்றுக்காவற் கப்பலாகச் சேவை தொடங்கியது. ஒரு கடலில் முதியது மற்றொரு கடலில் முதன்மையானது. வகை என்பது கப்பலின் உடலில் மட்டும் உறைவதன்று. அது எதிர்கொள்ளும் பகையையும் ஏற்கும் பணியையும் பொறுத்தது.

தோட்டத்துச் செக்றோல் புத்தகத்தை அறிந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று. நிறுவை குறைந்த நாளில் முழுப்பேர் அரைப்பேராகின்றது. ஓய்வு பெற்ற மூதாட்டி, பெயர் நீங்கிய பின்னும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கின்றாள். கை அதே கை. கூடை அதே கூடை. பதிவு மாறும்போது ஒருவரின் உழைப்பு குறைகின்றதா, உழைப்பின் மதிப்பு மட்டும் குறைக்கப்படுகின்றதா என்னும் வினா கப்பலுக்கும் மனிதர்க்கும் பொதுவானது. எனினும் இரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடு மறத்தற்கரியது. கப்பலை வகைமாற்றுவோர் அதன் வலுவை அளந்தாற் போதும். மனிதரை வகைமாற்றுவோர் அவர்தம் உரிமையையும் அளந்தாக வேண்டும்.

1942 ஏப்பிரல் நமக்குத் தரும் பாடம் இதுவே. முதுமை குற்றமன்று. முதுமையை மறைத்துப் பழைய பெயரில் முன்வரிசைக்கு அனுப்புதலே குற்றம். முதுமையைக் காட்டிப் பயனற்றதென ஒதுக்குதலும் அதற்கு இணையான பிழை. இவ்விரண்டுக்கும் நடுவே, உள்ள வலுவை உள்ளவாறு அளந்து அதற்கேற்ற பணியை வழங்கும் நேர்மையான வகைமாற்றம் உண்டு. நல்ல ஆட்டப் பலகை அதனைக் கற்பிக்கின்றது. நான்கு மூத்த கப்பல்களின் மாலுமிகள் உயிரோடு கரை சேர்ந்தமை, அப்பாடத்தைக் காலத்தில் உணர்ந்த ஒருவர் தலைமையில் இருந்தமையாலேயாம். மட்டக்களப்புக் கடலடியில் இன்றும் கிடக்கும் ‘ஹேர்மிஸ்’, அப்பாடத்தின் மறுபக்கத்துக்குச் சான்றாக நிலைத்திருக்கின்றது.