ஆறாம் இலக்கக் குழாய்

பனிப்போர் என்றதும் நாம் ரீகனையும் கொர்பச்சேவையும் பற்றித்தான் பேசுவோம். செர்கேய் பிரெமினின் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

கே-219 சோவியத் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல். 1971 இறுதியில் சேவையில் சேர்ந்தது. அணு ஆயுத ஏவுகணைகளுக்கென 16 குழாய்கள். அமெரிக்கக் கரையை எட்டும் தூரத்தில் கடலுக்கடியில் பதுங்கி நிற்பதுதான் அதன் வேலை.

அந்த ஏவுகணைகள் திரவ எரிபொருளில் இயங்குபவை. வில்லங்கமே அங்கேதான். குழாய்க்குள் கடல்நீர் புகுந்து, கசியும் ஒட்சியேற்றித் திரவத்தோடு சேர்ந்தால் நைத்திரிக்கமிலம் உண்டாகும். அது உலோகத்தை அரிக்கும், நச்சுப்புகையும் கிளம்பும். 1973இலேயே 15ஆம் இலக்கக் குழாயில் இப்படியொரு விபத்து நடந்து ஒருவர் இறந்தார். பிறகு என்ன செய்தார்கள்? அந்தக் குழாயை நிரந்தரமாக மூடிவிட்டு, மீதிப் 15 ஏவுகணைகளோடு கப்பலை மீண்டும் கடலுக்கு அனுப்பினார்கள். எதிரியிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கப்பலைக்கூட ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை போலும்.

1986 ஒக்டோபர் 3. பெர்முடாவுக்கு வடகிழக்கே, அத்திலாந்திக்கில். இம்முறை 6ஆம் இலக்கக் குழாய். நீர் புகுந்தது, ஏவுகணை வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். கப்பல் எப்படியோ மேலே வந்துவிட்டது. ஆனால் அணு உலையை நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கோல்கள் தாமாக இறங்கவில்லை. யாராவது உள்ளே போய்க் கையால் இறக்க வேண்டும்.

லெப்டினன்ட் பெலிகோவும் 20 வயது மாலுமி பிரெமினினும் போனார்கள். தாங்க முடியாத வெப்பம். பெலிகோவ் சோர்ந்து விழுந்ததும், பிரெமினின் தனியாகப் போய் மிச்ச வேலையை முடித்தார். உலை நின்றது. திரும்பி வந்தால் கதவு திறக்கவில்லை. இரு பக்கமும் காற்றமுக்கம் வேறுபட்டிருந்தது. வெளியே நின்றவர்கள் முழுப்பலத்தோடு முயன்றும் பயனில்லை. கையால் திறக்கும் ஒரு கதவு, ஒரு உயிர். அந்த மாதம் 18ஆம் திகதி அவருக்கு 21 வயது பூர்த்தியாகியிருக்கும்.

செர்னோபிலில் நாட்கணக்கில் வாய் திறக்காத மொஸ்கோ, இம்முறை மறுநாளே செய்தி வெளியிட்டது. ரெய்க்யாவிக் உச்சி மாநாட்டுக்கு ஒரு வாரந்தான் இருந்தது. அமெரிக்க நீர்மூழ்கி மோதியதால்தான் விபத்து என்ற கதையும் பரவியது. வொஷிங்டன் அதை மறுத்தது. பழுதான குழாயின் பழைய வரலாற்றைப் பார்த்தால், வெளியில் ஆள் தேடத் தேவையில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இழுத்துச் செல்லும் முயற்சி தோற்றது. ஒக்டோபர் 6ஆம் திகதி கே-219 ஏவுகணைகளோடும் இரண்டு அணு உலைகளோடும் மூழ்கியது. ஆட்களை முன்னரே இறக்கிவிட்டுக் கடைசியாக வெளியேறியவர் கெப்டன் பிரிட்டானோவ். அவர்மீதுதான் வழக்குப் போட்டார்கள்! 1987இல் வழக்கு கைவிடப்பட்டது, ஆனால் கடற்படை வேலை போனது.

பிரெமினினுக்கு அப்போது செந்நட்சத்திர விருது மட்டுமே கிடைத்தது. ரஷ்யக் கூட்டமைப்பின் வீரர் என்ற பட்டம் வந்தது 1997இல். அதற்குள் அவர் சேவை செய்த நாடே இல்லாமல் போயிருந்தது.