பெரியவர்களுக்கும் வரும் குடற்செருகல்: ஸ்கானில் தெரிவதும் தெரியாததும்

வயிற்றுக்குத்து வருகிறது, போகிறது. ஒரு கிழமை சுகம். அடுத்த கிழமை மறுபடியும் உளைவு, சத்தி. காஸ்ரிக் என்று குளிசை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் சமாளிப்பவர்கள் நம்மிடையே பலர். இப்படி வந்து போகும் வலிக்கான காரணங்களில் ஒன்று குடற்செருகல். பெரியவர்களில் இது அரிது. ஆனால் தவறவிடக்கூடாதது.

என்ன நடக்கிறது?

சட்டைக் கையின் ஒரு பகுதி அதற்குள்ளேயே செருகிக்கொள்வதைப்போல, குடலின் ஒரு பகுதி அதையடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுகிறது. குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் கூடவே இழுபடுகின்றன. நாளங்கள் நெரிபடும்போது குடல் வீங்கி, பாதை அடைபடும். இரத்தோட்டம் முற்றாக நின்றால் அந்தப் பகுதி அழுகி, துளை விழலாம்.

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வைத்தியர் போல் பார்பெற் 1674இலேயே இந்நோயை விவரித்துள்ளார். இது பெரும்பாலும் சிறு குழந்தைகளின் நோய். மொத்த நோயாளிகளில் பெரியவர்கள் சுமார் 5 வீதம் மட்டுமே. குழந்தைகளில் பெரும்பாலும் தெளிவான காரணம் அகப்படுவதில்லை. பெரியவர்களிலோ பெரும்பாலானோருக்கு ஒரு காரணம் இருக்கும்: பொலிப், கொழுப்புக் கட்டி, புற்றுநோய்க் கட்டி போன்றவை. குடல் தன் அசைவால் அந்தக் கட்டியை உணவென்று முன்னே தள்ள, கட்டியோடு குடற்சுவரும் இழுபட்டுப் போகிறது. பெருங்குடலில் செருகல் ஏற்பட்டால் புற்றுநோய்க்கான சாத்தியம் அதிகம்.

பழைய சத்திரசிகிச்சையும் ஒரு காரணம்

வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு உள்ளே தழும்புத் திசு உருவாகி, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். இந்த ஒட்டுகள் குடலை மடக்கி அடைப்பதே வழமை. சிலவேளை செருகலுக்கும் காரணமாகும். சத்திரசிகிச்சை நடந்து பல வருடங்கள் கழிந்த பின்னரும் இது நேரலாம். போர்க்காலத்தில் வயிற்றில் காயப்பட்டு சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்கள் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

ஸ்கானில் என்ன தெரியும்?

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை. வயிற்றில் ஜெல் பூசி, கருவியை மெதுவாக அழுத்தி நகர்த்துவார்கள். செருகிய குடலைக் குறுக்காகப் பார்க்கும்போது, வெட்டிய வெங்காயம்போல வளையத்துக்குள் வளையம் தெரியும். நெடுக்காகப் பார்த்தால் அடுக்கடுக்காக, சிலவேளை சிறுநீரகத்தின் வடிவத்தில் தோன்றும். நடுவே பிறைபோல் வெண்மையாகத் தெரிவது உள்ளே இழுபட்ட கொழுப்பு. டொப்ளர் முறையில் குடற்சுவரில் இரத்தம் ஓடுகிறதா என்றும் பார்க்கலாம். ஓட்டம் தெரியாவிட்டால் நிலைமை அவசரமானது.

ஆனால் ஸ்கானுக்கு எல்லையும் உண்டு. ஒலி அலைகள் வாயுவை ஊடுருவாது. குடல் அடைபட்டால் வாயு நிறைவதால், முக்கியமான நேரத்தில் படம் மறையலாம். உடல் பருமனானவர்களிலும் தெளிவு குறையும். செருகலைக் காட்டும் ஸ்கான், அதற்குக் காரணமான கட்டியைக் காட்டாமல் விடவும் கூடும். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஸ்கானில், தானாக விலகிய செருகல் தெரியாது. எனவே ஸ்கான் 'நோர்மல்' என்று வந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி காட்டவேண்டும். பெரியவர்களில் இதை உறுதிசெய்ய சி.ரி. ஸ்கானே கூடுதல் பயன் தருகிறது.

மறுபுறம், சிறுகுடலில் கட்டி எதுவுமின்றிச் சிறிது நேரம் மட்டும் தோன்றி, தானாக விலகும் குறுகிய செருகல்களும் உண்டு. அடைப்பும் வலியும் இல்லாவிட்டால் இவற்றுக்குச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது.

சிகிச்சை

குழந்தைகளில் ஆசனவாய் வழியாகக் காற்றோ திரவமோ செலுத்தி, செருகலை விலக்குவார்கள். பெரியவர்களில் உள்ளே கட்டி இருக்கக்கூடும் என்பதால், பாதிக்கப்பட்ட குடற்பகுதியை வெட்டி அகற்றுவதே வழமை. அகற்றிய பகுதி புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். அந்த அறிக்கையைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியவை

விட்டுவிட்டு வரும் கடும் வலியுடன் சத்தி, வயிறு ஊதுதல், மலமோ வாயுவோ வெளியேறாமை, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம். பேதி மருந்து குடிக்க வேண்டாம். வைத்தியர் பார்க்கும்வரை சாப்பாட்டைத் தவிர்த்து, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகன வசதி இல்லாவிட்டால் 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கலாம்.

பழைய சத்திரசிகிச்சை பற்றிய கடதாசிகள் இருந்தால் கொண்டுபோங்கள். தொலைந்திருந்தால் தழும்பைக் காட்டி, நடந்ததைச் சொல்லுங்கள். உடலில் எறிகணைச் சிதறல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்டுக்கும் சி.ரி.க்கும் அதனால் ஆபத்தில்லை, ஆனால் சி.ரி. படத்தில் உலோகத்தைச் சுற்றிய பகுதி தெளிவில்லாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுப்பதாக இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். அதிலுள்ள காந்தம் சிலவகை உலோகத் துண்டுகளை உடலுக்குள் அசைத்துவிடக்கூடும்.