தாழ்மையுள்ள அரசர்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஒரு தீர்க்கதரிசன நம்பிக்கையின் வரலாறு

தாழ்மையுள்ள அரசர் என்பது, போர்க்குதிரை ஏறாமல் கழுதைக்குட்டியின் மேல் எருசலேமுக்கு வரும் நீதியுள்ள அரசர் ஒருவரைப் பற்றிய விவிலிய நம்பிக்கை. எபிரேயத் தீர்க்கதரிசி சகரியாவின் பெயரால் அமைந்த நூலின் ஒன்பதாம் அதிகாரம் இதன் பிறப்பிடம். அந்த அரசர் இயேசுவே என்பது கிறிஸ்தவர்களின் விசுவாச அறிக்கை. உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்திய ஞாயிறன்று ஓலை ஏந்தி அவர்கள் செல்லும் பவனி இந்த அறிக்கையின் கண்கண்ட வடிவம். தமிழில் அது குருத்தோலை ஞாயிறு. தெலுங்கில் மட்டல ஆதிவாரம்.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இந்த நம்பிக்கை முதலில் அரண்மனை வழியாக வந்தது; பிறகு ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த குடியிருப்புகள் வழியாக வந்தது. அரண்மனையில் அது தங்கவில்லை. குடியிருப்புகளில் வேர் பிடித்தது.

தீர்க்கதரிசனமும் அதன் காலமும்

சகரியா நூலின் முதல் எட்டு அதிகாரங்கள் பாரசீக மன்னன் தரியுவின் காலத்தவை, கி.மு. 520 முதல் 518 வரையிலான ஆண்டுகள் அவற்றிலேயே குறிக்கப்பட்டுள்ளன. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள் இடிந்த ஆலயத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து நடை மாறுகிறது. ஆண்டுக் குறிப்பும் இல்லை. ஆகவே பிற்பகுதி பிந்திய காலத்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் கடற்கரை நகரங்கள் ஒவ்வொன்றாக வீழும் வருணனை, கி.மு. 332-இல் தீருவை முற்றுகையிட்டு வென்ற அலெக்சாந்தரை நினைவூட்டுவதாகச் சொல்பவர்களும் உண்டு.

அந்த வீழ்ச்சிகளை அடுத்துத்தான் எளிய அரசர் வருகிறார். சீயோன் குமாரத்தியைக் களிகூரச் சொல்லி அவருடைய வருகையைத் தீர்க்கதரிசி அறிவிக்கிறார். அடுத்த வசனத்தில் தேர்களும் போர்க்குதிரைகளும் வில்லும் ஒழிக்கப்படுகின்றன. புறவினத்தாருக்கும் சமாதானம் கூறப்படுகிறது. எனவே கழுதை இங்கே வறுமையின் அடையாளம் மட்டுமன்று, படைபலத்தை நம்பாத ஆட்சியின் அடையாளமும் ஆகும். தாவீதின் கோவேறு கழுதையில் ஏற்றப்பட்டே சாலொமோன் அரசனாக அபிஷேகம் பெறச் சென்றான் என்று அரசர்கள் நூல் கூறுகிறது. அதனால் இந்த வருகையில் அரச உரிமையும் அடங்கியிருக்கிறது.

யூத மரபு இந்த வசனத்தை இன்றும் வரவிருக்கும் மேசியாவுக்கே உரியதாக வாசிக்கிறது. தானியேல் நூலில் மேகங்களோடு வருபவரும் சகரியா நூலில் கழுதையில் வருபவரும் எப்படி ஒருவராக இருக்க முடியும் என்று தல்மூத் கேட்கிறது. மக்கள் தகுதியுடையோராய் இருந்தால் மேகத்தில் வருவார், இல்லையேல் கழுதையில் வருவார் என்று அதற்கு ரபி யோசுவா பென் லேவி விடை சொன்னதாகவும் பதிவு செய்கிறது. கி.பி. 132 முதல் 135 வரை ரோமரை எதிர்த்துப் போரிட்ட பார் கோக்பாவை மேசியா என்று ஏற்றவர்களும் இருந்தனர். அந்தப் போர் பேரழிவில் முடிந்தது.

நற்செய்தி நூல்களும் முதல் பவனிகளும்

இயேசு கழுதைக்குட்டியில் எருசலேமுக்குள் நுழைந்ததை நான்கு நற்செய்தி நூல்களும் சொல்கின்றன. அதைச் சகரியாவின் வாக்கோடு வெளிப்படையாக இணைப்பவர்கள் மத்தேயுவும் யோவானும். பேரீச்ச ஓலையைக் குறிப்பிடுவது யோவான் மட்டுமே. மத்தேயுவிலும் மாற்குவிலும் வெறும் மரக்கிளைகளும் தழைகளும்தான் வருகின்றன. லூக்காவில் அவையும் இல்லை, வழியில் விரித்த ஆடைகள் மட்டும் உண்டு. ஓலைக்கு அரசியல் பொருளும் இருந்தது. கி.மு. 141-இல் மக்கபேயரான சீமோன் எருசலேம் கோட்டையை மீட்டபோது மக்கள் ஓலை ஏந்தி உள்ளே சென்றார்கள். விடுதலை வீரனுக்குரிய அதே வரவேற்பை, வாளேந்தாத ஒருவருக்குக் கூட்டம் கொடுத்தது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேம் சென்ற எகேரியா என்ற பெண் யாத்திரிகர், ஒலிவ மலையிலிருந்து ஆயரோடு மக்கள் இறங்கி வரும் பவனியை விவரித்திருக்கிறார். கைக்குழந்தைகள் உட்பட எல்லாச் சிறுவர் கையிலும் ஓலையோ ஒலிவக் கிளையோ இருந்ததாம். அங்கிருந்து வழக்கம் கீழைத் திருச்சபைகளுக்கும் மேலைத் திருச்சபைகளுக்கும் பரவியது. ஜெர்மன் நாடுகளில் சக்கரம் பூட்டிய மரக்கழுதையில் கிறிஸ்துவின் உருவத்தை அமர்த்தி இழுத்தார்கள். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு இது ஓசானா ஞாயிறு; முந்திய நாள் கொழுக்கட்டை செய்யும் சனி.

சந்திரகிரி அரசவையில்

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரி, விஜயநகரின் கடைசி மரபான ஆரவீடு அரசர்களின் தலைநகராக இருந்தது. இரண்டாம் வேங்கடபதி ராயர் (ஆட்சி 1586–1614) அங்கிருந்து ஆண்ட காலத்தில், 1598-இல், மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து சேசு சபைத் துறவிகள் அரசவைக்கு வந்தனர். ராயர் அவர்களை மதிப்போடு வரவேற்றார். அரசருக்கு ஓவியத்தில் இருந்த ஈடுபாட்டை அறிந்து, அலெக்சாந்தர் ஃபிரே என்ற ஆங்கிலேய சகோதரரையும் இத்தாலியரான பர்த்தலோமேயு ஃபோந்தெபோனாவையும் ஓவியர்களாக அனுப்பினார்கள். இயேசுவின் வாழ்க்கை நிறங்களாகவும் உருவங்களாகவும் ஒரு விஜயநகர மன்னனின் கண்முன் விரிந்தது. ஆனால் அந்த உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. நிலையான சபை எதுவும் அதிலிருந்து உருவாகவில்லை.

நூறு ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சு சேசு சபையினரின் கர்நாடக மிஷன் தக்கோலத்திலும் புங்கனூரிலும் பணி தொடங்கியது. துறவியரைப் போல உடுத்து, மரக்கறி உணவு உண்டு, தெலுங்கில் போதித்தார்கள். 1773-இல் ரோமாபுரி அச்சபையைக் கலைத்தபோது இந்தப் பணியும் தளர்ந்தது. இன்றைய கத்தோலிக்க அமைப்பில் சித்தூர்ப் பகுதி, 1976-இல் ஏற்படுத்தப்பட்ட கடப்பை மறைமாவட்டத்தின் கீழ் வருகிறது.

அச்சும் பாட்டும்

சகரியாவின் வாக்கு தமிழ் எழுத்தில் அச்சேறியது தரங்கம்பாடியில். சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்து, 1728-க்குள் அச்சிட்டவர் பெஞ்சமின் சூல்ட்சே. சென்னைக்குச் சென்றபின் அவர் தெலுங்கிலும் விவிலியத்தை மொழிபெயர்த்தார், அது அச்சேறவில்லை. தெலுங்குப் புதிய ஏற்பாடு 1818-இல் செராம்பூரில் அச்சாகி வெளிவந்தது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இந்த நம்பிக்கையைத் தமிழ்ச் சிற்றிலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். குறவஞ்சியில் தலைவன் பவனி வருவான். கண்ட தலைவி காதல் கொள்வாள். குறத்தி வந்து குறி சொல்வாள். சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் பவனி வரும் தலைவர் இயேசு; தலைவி சீயோன் குமாரத்தியான தேவமோகினி. சகரியா யாரை விளித்துப் பாடினாரோ அவளே இங்கே தமிழ்க் கதைத்தலைவி. தீர்க்கதரிசனம் சொல்லவும் தமிழில் ஏற்கெனவே ஒருத்தி காத்திருந்தாள், கையில் மாத்திரைக்கோலோடு.

வாகனம் அறிந்த ஊரில்

வாகனத்தைக் கொண்டு இறைவனின் கோலத்தை அறியும் பண்பாடு திருப்பதியில் ஆழமானது. திருமலைப் பிரம்மோற்சவத்தில் கருடன், யானை, குதிரை என ஒவ்வொரு வாகனத்துக்கும் தனிப்பொருள் உண்டு. எட்டாம் நாள் இரவின் குதிரை வாகனம், வரவிருக்கும் கல்கியின் கோலம். சுற்றிலும் கார்வேட்டிநகரம், காளத்தி, புங்கனூர் என்று ஜமீன்கள் இருந்தன. சித்தூர்ப் பாளையக்காரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1804, 1805-இல்தான் அடக்கியது. குதிரையும் யானையும் பல்லக்கும் யாருக்கு உரியவை என்று இவ்வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கழுதைக்கோ வேறு இடம். மூதேவியின் வாகனம் என்று சாத்திரங்கள் சொல்லும். பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுத பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூறு பாடுகிறது. குற்றவாளிக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது பழைய தண்டனை. எருசலேம் மக்களுக்குக் கழுதை அரச மரபோடு தொடர்புடைய விலங்கு. இங்கே அது அவமானத்தின் விலங்கு. ஆகவே அரசர் கழுதையில் வருகிறார் என்ற செய்தி சித்தூர் மண்ணில் விழுந்தபோது அதன் கூர்மை மிகுந்தது. அவமானத்தை அன்றாடம் சுமந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மிஷன்கள்

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853-இல் அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபையின் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். அது மிஷனின் முதன்மை நிலையங்களில் ஒன்றானது. ஆங்கிலப் பள்ளிகளை நம்பாமல் ஊர் ஊராகத் தாய்மொழியில் போதிப்பதே ஸ்கடர் சகோதரர்களின் தொடக்கக் கொள்கை. 1863-இல் ஜேக்கப் சேம்பர்லேன் மதனப்பள்ளியில் தெலுங்குப் பணியைத் தொடங்கினார்; பின்னாளில் தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் கூடி அமைத்த காசநோய் மருத்துவமனை தென்னிந்தியா முழுவதும் பெயர் பெற்றது.

திருப்பதிப் பக்கம் வந்தது ஹெர்மன்ஸ்பர்க் மிஷன். ஜெர்மனியின் ஹனோவர் நாட்டுப்புறத்தில் லுட்விக் ஹார்ம்ஸ் என்ற போதகர் 1849-இல் தொடங்கியது அது; உழவர் குடும்பத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து அனுப்புவது அதன் சிறப்பு. 1865-இல் ஆகஸ்ட் மிலியுஸ் சூளூர்ப்பேட்டையில் பணி தொடங்கினார். அடுத்து நாயுடுப்பேட்டை, கூடூர், காளத்தி, திருப்பதி ஆகிய ஊர்களிலும் நிலையங்கள் எழுந்தன. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டபோது அமெரிக்காவின் ஒஹையோ லூத்தரன் சபை பொறுப்பேற்றது. இன்று திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள தென் ஆந்திர லூத்தரன் திருச்சபை இந்த மரபின் வாரிசு.

இந்த மிஷன்களின் பள்ளிகள் கிறிஸ்தவர் அல்லாதவர்களையும் உருவாக்கின. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896-இல் திருப்பதியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பிறகு ஆர்க்காடு மிஷனின் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தார். இந்து சமயத்தின் மீது மிஷனரிகள் வைத்த விமர்சனமே வேதாந்தத்தை ஆழ்ந்து கற்கத் தம்மைத் தூண்டியது என்று அவர் எழுதியிருக்கிறார்.

1876–78 பெரும் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் சபைகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பகுதியில் பறையர், தெலுங்குப் பகுதியில் மாலர், மாதிகர். ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கவும் தடை இருந்த காலம் அது. அவர்கள் ஓலை ஏந்திப் பாடிக்கொண்டு தெருவில் நடந்தது வழிபாடு, தலைநிமிர்வும்கூட.

இறையியலும் சட்டமும்

இந்த அனுபவத்துக்கு இறையியல் வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் அரவிந்த் நிர்மல் (1936–1995). சென்னை கீழ்ப்பாக்கத்தில் லூத்தரன் திருச்சபைகளின் குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை வகித்த அவர், துன்புறும் ஊழியராகிய இயேசுவைத் தலித்தாகவே காண வேண்டும் என்று வாதிட்டார். அரசர் தாழ்ந்தோரிடம் இறங்கி வந்தார் என்று போதித்த மிஷனரிகளைக் கடந்து, அரசர் தாழ்ந்தோரில் ஒருவராகவே வந்தார் என்று சொன்னார்.

சட்டத்தின் முன் தலித் கிறிஸ்தவர்களின் நிலை வேறு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. இதை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-இல் ஆணையம் அமைக்கப்பட்டது. ஞாயிறன்று ஆலயத்துக்குச் செல்லும் பலர் அரசு ஏடுகளில் இந்துக்களாக இருப்பதற்கு இந்தச் சட்டநிலை முக்கியக் காரணம்.

இன்றைய வழக்கம்

1953 அக்டோபர் 1 அன்று சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் மாறினாலும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் ஒருசேர வாழ்கின்றன. குருத்தோலை ஞாயிறுப் பவனிக்கு, தென்னங்குருத்து கிடைக்கும் இடத்தில் குருத்து. ஓடைக்கரைகளில் ஈச்ச மரம் நிற்கும் இடத்தில் ஈச்ச மட்டை. சிறுவர்கள் ஓலையைச் சிலுவையாக முடைந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வர். கத்தோலிக்கர் அந்த ஓலைகளைப் பாதுகாத்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்குவர். பாசமலர் இயக்குநர் ஏ. பீம்சிங்கின் இயக்கத்தில் விஜயசந்தர் இயேசுவாக நடித்து 1978-இல் வெளிவந்த கருணாமயுடு என்னும் தெலுங்குப் படம், எழுத்தறியாத ஊர்களுக்கும் இக்கதையைக் கொண்டு சேர்த்தது.

லூத்தரன் மரபின் பழைய வாசக ஒழுங்கில் எருசலேம் நுழைவு ஆண்டுக்கு இருமுறை வரும்: குருத்தோலை ஞாயிறன்றும், கிறிஸ்துமசுக்கு ஆயத்தம் செய்யும் முதல் ஆகமன ஞாயிறன்றும். மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரும், கழுதையில் வந்தவரும், மீண்டும் வரப்போகிறவரும் ஒருவரே என்று ஒரே வாசகத்தால் சொல்லும் ஏற்பாடு அது. பெந்தெகொஸ்தே சபைகளிலும் தனிச்சபைகளிலும் அழுத்தம் இரண்டாம் வருகையின்மேல் விழுகிறது. அங்கே வெளிப்படுத்தின விசேஷத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரையில் வரும் அரசரே அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறார். குதிரையில் வருபவரின் வாள் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. அவருடைய ஆடை போருக்கு முன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அது சிலுவையில் சிந்திய அவருடைய சொந்த இரத்தம் என்று விளக்கும் போதகர்கள், கழுதையில் வந்த அரசரையே அந்தக் குதிரையிலும் காண்கிறார்கள்.