யாழ்க் கணக்கும் கிற்றார் மெட்டும்

நேயர்களே, 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம், 6 ஆம் நாட்களிலே சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் ஒரு நூல் அரங்கேறியது. நூல் அரங்கேறும்போது ஏட்டைப் பல்லக்கில் ஏற்றி வருவது பண்டைய வழக்கம். அன்று ஏட்டோடு கருவிகளும் ஊர்வலமாகச் சென்றன. முளரியாழ், சுருதி வீணை முதலாகப் பல நரம்புக் கருவிகளை ஏந்தியவர்கள் அறிஞர் கூட்டத்தினிடையே நடந்து வந்தனர். அக்கருவிகள் பழஞ்சாலை எதிலிருந்தும் எடுத்து வரப்பட்டவை அல்ல. ஏட்டிலே கணக்கிட்டு, அந்தக் கணக்கின்படி மரத்திலே செய்யப்பட்டவை. நூல் யாழ் நூல். கணக்கிட்டவர் மட்டக்களப்புத் தெற்கிலே காரைதீவிற் பிறந்த மயில்வாகனம் என்னும் விபுலானந்த அடிகள்.

இன்று ஓர் இளைஞன் தன் வீட்டுப் பின்புறத்தில் தானே ஒரு பொறியை அமைத்து, கணினியில் வரைந்த அளவின்படி அந்தப் பொறியைக்கொண்டு மரத்தைச் செதுக்கி, தனக்கென ஒரு மின்கிற்றார் செய்துகொள்ளலாம். உலகெங்கும் பலர் அவ்வாறு செய்கின்றனர். அடிகளின் யாழுக்கும் அந்த இளைஞனின் கிற்றாருக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றே. உளி மரத்தைத் தொடுமுன்னரே கருவி முழுவதும் எண்ணாக இருந்தாக வேண்டும். இந்த எண்ணின் வரலாற்றைத்தான் இப்பேச்சிலே சொல்ல எண்ணுகிறேன்.

வீணை செய்யும் தச்சருக்கு இந்த எண் வேண்டியதில்லை. தஞ்சாவூரிலே பலா மரத்தைக் குடைந்து வீணை செய்வோர், தண்டின்மேல் மெழுகும் கரியும் கலந்த சாந்தை ஏற்றி, இருபத்து நான்கு மெட்டுக்களையும் செவியாற் கேட்டுக் கேட்டுப் பதிப்பர். தந்தையின் செவி மகனுக்குப் பழகும். மகனின் செவி பேரனுக்குப் பழகும். 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்து அமைப்பு இன்றும் வழங்குவது இந்தச் செவிவழியினாலேதான். அச்சங்கிலி அறாதவரையில் அளவுகோல் எவர்க்கும் தேவைப்படாது.

யாழுக்கோ சங்கிலி அறுந்துவிட்டது. பாணர் மறைந்தனர், யாழாசிரியர் மறைந்தனர், கருவியும் மறைந்தது. யாழ்ப்பாணம் என்னும் ஊர்ப்பெயரிலே யாழ் நின்றதேயன்றி, அங்கேயும் அதன் நரம்பொலி கேட்டவர் எவருமிலர். எஞ்சியவை செய்யுட்களும் உரைகளும் அமராவதிச் சிற்பம் போன்ற சில கல்லுருவங்களுமே.

அந்தச் செய்யுட்கள் கருவியை மிக நுணுக்கமாகப் பேசுகின்றன. பொருநராற்றுப்படை பத்தரின் வடிவையும் அதைப் போர்த்த தோலையும் ஆணியையும் நரம்பையும் ஒவ்வொன்றாக உவமை கூறி விளக்குகிறது. பெரும்பாணாற்றுப்படையிலே ஓர் ஆயன் வருகிறான். குமிழ மரக்கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, தன் யாழைத் தானே செய்து இசைக்கிறான். தமிழிலக்கியத்தில் நாம் காணும் வீட்டுக் கருவியாளன் இவனே என்று சொல்லலாம். ஆயினும் உவமை எத்துணை அழகியதாயினும், அதைக்கொண்டு தச்சன் மரம் அறுக்க முடியுமா? பத்தர் எத்தனை விரல் அகலம், நரம்பு எத்தனை சாண் நீளம் என்று புலவர் சொல்லவில்லை. அவர் காலத்துக் கேட்போர் யாழைக் கண்ணாற் கண்டவர்கள். அவர்களுக்கு அது வேண்டியதில்லை.

எண் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும். உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்தது 1892 இல்; விபுலானந்தர் பிறந்ததும் அதே ஆண்டிலே. பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்ற தொகை அவ்வுரையால் தெரிகிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என 22 அலகுகள் என்ற கணக்கும் கிடைக்கிறது. இவை எண்கள்தாம், ஆனால் நீளங்கள் அல்ல. இத்தொகையிலிருந்து நரம்பின் அளவுக்குச் செல்ல ஒரு பாலம் வேண்டியிருந்தது.

பாலம் அமைக்கத் தக்கவர் அடிகளே. மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் ஒருவரிடத்திலே கூடியிருந்தன. நம் பாடசாலை ஆய்வுகூடங்களிலே சுரமானி என்று ஒரு பெட்டி இருக்கும். அதன்மேல் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இரட்டிப்பதைக் காட்டுவார்கள். மாணவர் அதைப் பரீட்சைக்காகச் செய்து மறப்பர். அடிகளோ அந்தப் பெட்டியின் விதியைக் கையிற்கொண்டு அரங்கேற்று காதைக்குள் புகுந்தார். நரம்பின் மூன்றிலொரு பங்கைத் தடுத்து எஞ்சிய இரண்டு பங்கை ஒலிக்கச் செய்தால் குரலுக்கு இளி பிறக்கும். ஐந்திலொரு பங்கைத் தடுத்தால் இனிய காந்தாரம் பிறக்கும். இவ்வாறு அலகுகளைப் பின்ன எண்களாக்கி, பாலைகளையும் பண்களையும் அவற்றின்மேல் நிறுவினார். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என நூல் ஏழு இயல்களாக விரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராக 1931 இல் அமர்ந்த காலந்தொட்டு, இமயச் சாரலில் மாயாவதியிலே பிரபுத்த பாரத இதழை நடத்திய நாட்களையும் கடந்து, இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியரான பின்னரும் இப்பணி அவரை விட்டு நீங்கவில்லை.

அவருக்கு முன்னரே தஞ்சையில் வேறொருவர் இந்தக் கணக்கிலே இறங்கியிருந்தார். அவர் ஆபிரகாம் பண்டிதர், தொழிலால் மருத்துவர். 1917 இல் வெளிவந்த அவருடைய கருணாமிர்த சாகரம், 22 என்ற தொகையை மறுத்தது. தானத்தைச் சமமாகப் பிரிப்பதே தமிழர் முறை என்றும், பன்னிரண்டு இராசிகளும் ஒன்றுக்கொன்று ஒரே விகிதத்தில் நிற்பன என்றும், நுண்மைக்கு அவற்றை இரட்டித்து 24 ஆகக் கொள்ள வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். பண்டிதரின் சம விகிதம் ஒரு புறம், அடிகளின் பின்ன எண் மறு புறம். கற்றோர் இதனை ஏட்டு வழக்கென்று எண்ணி ஒதுங்குவதுண்டு. அது மரத்திலே எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைக் கிற்றார் செய்பவன் கையிலேதான் காணவேண்டும்.

கிற்றார் மட்டக்களப்புக்குப் புதியதன்று. நகரிலே வாழும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் தச்சு வேலைக்கும் கொல்லு வேலைக்கும் பேர்பெற்றவர்கள். அவர்களுடைய கப்ரிஞ்ஞா ஆட்டத்தில் வயலினோடு கிற்றாரும் ஒலிக்கும். மின்கிற்றாரோ அமெரிக்காவிற் பிறந்தது. 1930 களின் தொடக்கத்திலே ஜோர்ஜ் பீச்சம் என்பவர் கம்பியின் அசைவை மின்னாக மாற்றும் முறையைக் கிற்றாரிலே பொருத்தினார். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றி வைத்தால், அதன்மேல் அதிரும் உருக்கு நரம்பு அச்சுருளிலே மின்னை எழுப்பும். பத்தர் தேவையற்றுப் போயிற்று. பின்னர் கட்டிப் பலகையாலான கிற்றாரை 1950 இல் பெருந்தொகையாகச் செய்து விற்றவர் லியோ பெண்டர். நேயர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று: அவர் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர், கிற்றார் வாசிக்கவே அறியாதவர்.

கட்டிப் பலகையில் வளைவும் குடைவும் குறைவு. ஆதலால் வீட்டிலே செய்ய எண்ணுவோர்க்கு அது ஏற்றது. பொறியின் கதையும் அதே காலத்ததே. மிச்சிகனைச் சேர்ந்த ஜோன் பார்சன்ஸ், ஹெலிகொப்டர் இறக்கையின் வளைவைப் பல புள்ளிகளாகக் கணித்து, அந்த எண்களாலேயே பொறியை இயக்கலாம் என்று கண்டார். மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952 இல் அத்தகைய பொறியை இயக்கிக் காட்டியது. அன்று அது ஓர் அறையை அடைத்தது. இன்று சீ. என். சி. என்று பிள்ளைகள் சொல்லும் அதே பொறியை, மூன்று திசைக்கும் படிமோட்டர்கள், திருகு தண்டுகள், மரம் செதுக்கும் ரூட்டர், 2005 இல் இத்தாலியிலே தோன்றிய ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை ஆகியவற்றைக்கொண்டு மேசைமேல் அமைத்துவிடுகிறார்கள். மோட்டர் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும்; ஒரு சுற்றுக்குத் திருகு தண்டு 8 மில்லிமீற்றர் நகர்த்தும்; ஆகவே ஒரு படி 0.04 மில்லிமீற்றர். வாவிக்கரை மாரியிலே ஈரம் குடித்த பலகை இதைவிட அதிகமாகப் பொருமிக்கொள்ளும் என்பது வேறு விடயம். மரத்தை உலரவைக்கும் பொறுமையை எந்தப் பொறியும் தராது.

இப்பொறி கேட்பது ஒன்றே: எண். மெட்டு எங்கே விழவேண்டும்? நரம்பின் நீளம் 648 மில்லிமீற்றர் என்று கொள்வோம். பெண்டர் வழக்கத்து அளவு அது. பன்னிரண்டாம் மெட்டு நடுவிலே, 324 இல் விழும். இடைப்பட்டவற்றைச் சம விகிதத்தில் வைக்க, கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581 இல் ஓர் எளிய வழி சொன்னார்: எஞ்சிய நீளத்தில் ஒவ்வொரு முறையும் பதினெட்டில் ஒரு பங்கைக் கழி. அவ்வாறு கழித்தால் பன்னிரண்டாம் மெட்டு நடுவுக்கு 2 மில்லிமீற்றருக்கு மேல் முன்னே நின்றுவிடும். ஆதலால் இன்று 18 க்குப் பதிலாக 17.817 ஆல் வகுக்கின்றனர். முதல் மெட்டு 36.37 இலும், ஏழாம் மெட்டு 215.51 இலும், நாலாம் மெட்டு 133.68 இலும் விழுகின்றன. ஆபிரகாம் பண்டிதரின் சம விகிதமும் இந்த இடங்களையே காட்டும்.

அடிகளின் பின்ன எண்களை அதே பலகைமேல் வைத்துப் பாருங்கள். இளிக்குரிய ஏழாம் மெட்டு மூன்றிலொரு பங்கில், அதாவது 216 இல் விழவேண்டும். வேறுபாடு அரை மில்லிமீற்றர், செவி பொறுத்துக்கொள்ளும். காந்தாரத்துக்குரிய நாலாம் மெட்டோ ஐந்திலொரு பங்கில், 129.6 இல் விழவேண்டும். வேறுபாடு 4 மில்லிமீற்றருக்கும் சற்று மேல்! ஒரு மெட்டுக் கம்பியின் பருமனைவிட அதிகம். இரு பெரியோரின் வழக்கு இவ்வாறு விரல் தொட்டு அளக்கத்தக்கது.

இதற்குக் காரணமும் எண்ணிலேயே உண்டு. இளிமேல் இளியாகப் பன்னிரண்டு முறை ஏறினால் 129.75 மடங்கு வரும். தானத்தின்மேல் தானமாக ஏழு முறை ஏறினால் 128 மடங்கு வரும். வட்டம் முற்றிலும் மூடாது. எஞ்சுவதை எல்லா மெட்டுக்கும் பங்கிட்டுவிடுவது கிற்றார் வழி. எந்தச் சுரத்தைக் குரலாகக் கொண்டாலும் பாட்டு நடக்கும். எதிலும் காந்தாரம் முற்றும் இனியதாயிராது. யாழிலே மெட்டில்லை. ஒரு நரம்புக்கு ஓர் இசை. பாணன் பண்ணுக்கேற்ப நரம்பைத் திருத்திக்கொள்வான். பண் மாறினால் மீண்டும் திருத்துவான். இனிமைக்கு அவன் கொடுத்த விலை அது. இந்த விலையே யாழைப் பின்னர் வீணையிடம் தோற்கச் செய்தது என்று நான் கருதுகிறேன்.

யாழின் சுற்றத்துக் கருவி ஒன்று பர்மாவிலே இன்றும் வாழ்கிறது. சௌங் என்னும் அந்த வளைந்த கருவியின் கழுத்திலே பதினாறு நரம்புகளையும் சிவந்த நூற்கயிறுகளால் இறுக்கிக் கட்டும் வழக்கம் உண்டு. நம் பழம்பாடல்களில் வரும் திவவு என்னும் சொல்லுக்கு உரை வேண்டுவோர் அதைப் பார்த்தாற் போதும். பர்மியருக்கு ஆசிரிய வழி அறவில்லை. நமக்கோ, கணக்கு முடிந்த பின்னரும் பட்டறை அமையவில்லை. அரங்கேற்றம் முடிந்து ஆறு கிழமைகளில், 1947 ஜூலை 19 ஆம் நாள், அடிகள் மறைந்தார். அவருடைய எண்களை எடுத்துத் தலைமுறை தலைமுறையாக மரம் செதுக்கத் தச்சர் குடியொன்று அவர் பின்னே எழவில்லை. இப்பெருநூலைப் போற்றிப் பேசுவோர் பலர். அளந்து அறுத்துப் பார்த்தோர் மிகச் சிலர். அண்மை ஆண்டுகளிலே தமிழ்நாட்டில் தருண் சேகர் என்னும் இளங்கருவியாளர், கிற்றார் செய்யும் கையாலேயே யாழையும் செய்து ஒலிக்கவிட்டமை அதனாலே எனக்கு மிக மகிழ்ச்சியளித்தது.

அடிகளின் உடல் கல்லடி உப்போடையிலே, 1929 இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கமாகியுள்ளது. அருகே வாவி. 1848 இலே ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட் இரவிற் படகேறிச் சென்று, நீருக்குள்ளிருந்து மெல்லிய நரம்பொலி போன்ற ஓசை எழுவதைக் கேட்டு எழுதி வைத்ததும் இவ்வாவியிலேதான். அவ்வோசையையே நீரர மகளிரின் இசையாக அடிகள் பாடினார். இக்கரையிலே ஓர் இளைஞன் முதிரைப் பலகையொன்றைத் தன் பொறியின்மேல் இறுக்கிவிட்டு, நாலாம் மெட்டுக்கு எண் கொடுக்க அமர்வானாயின், 133.68 என்றும் எழுதலாம், 129.6 என்றும் எழுதலாம். பொறி இரண்டையும் வெட்டித் தரும். செம்பாலைப் பண்களை மட்டும் ஒரே குரலில் வைத்து வாசிப்பதற்கென்றே ஒரு கிற்றார் அவனுக்கு வேண்டுமானால், பிந்திய எண்ணை ஒருமுறை வெட்டிப் பார்க்கட்டும்.