கேம் திக்கித் திக்கி ஓடுகிறதா? புது கார்டு வாங்கும் முன் பாருங்கள்

வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டரில் கேம் திக்கினால், "கிராபிக்ஸ் கார்டு போதவில்லை, வேறு வாங்கித் தாருங்கள்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பணத்தை எடுக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள். செலவில்லாமல் சரியாகும் காரணங்களே பல.

விநாடிக்கு 60 படங்கள் வர, ஒவ்வொரு படமும் சுமார் 16.7 மில்லிவிநாடியில் தயாராக வேண்டும். ஒரு படம் தாமதித்தாலும் கண்ணுக்குத் தெரியும். சராசரி வேகம் நன்றாக இருந்தும் திக்குவது இதனால்தான்.

1. மானிட்டர் கேபிள்: மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும்.

2. ரேம்: இரண்டு ரேம்களை மதர்போர்டு கையேடு சொல்லும் ஜோடி ஸ்லாட்டுகளில் பொருத்துங்கள், பெரும்பாலும் 2-வதும் 4-வதும். பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்காவிட்டால் 3200 வேக டிடிஆர்4 ரேம் 2133-இலேயே ஓடக்கூடும்.

3. சூடு: சற்று நேரம் ஆடிய பிறகே திக்கினால் தூசியையும் ஃபேனையும் பாருங்கள். புதிதாகப் பூட்டியதில் பிராசஸர் கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பதும் உண்டு.

4. கார்டின் மெமரி: நிரம்பினால் திக்கும். டெக்ஸ்சர் தரத்தைக் குறையுங்கள்.

5. முதல் ஆட்டம்: புதிய இடங்களில் மட்டும் திக்கி, மறுமுறை அங்கே சீராக ஓடினால் அது ஷேடர் தயாராகும் நேரம், கார்டின் பழுதல்ல.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இடத்தை மீண்டும் ஆடிப் பாருங்கள். கடைசியாக ரெசல்யூஷனைக் குறையுங்கள். திக்கல் நீங்கினால் கார்டின் திறன் போதவில்லை எனலாம். நீங்காவிட்டால், புது கார்டு வாங்கியும் பெரும்பாலும் பயனிருக்காது.